கேள்வி – பதில்: பூட்டனைத் தேடிப் போகும் வழி

1795இல் திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. இந்த இடைக்காலத்தில் வாழ்ந்த தம் முன்னோரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கே இம்மாதப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

என் அம்மாவின் அப்பப்பா டொக்யாட்டில் (கடற்படைக் கப்பல் பட்டறையில்) வேலை பார்த்தவர், 1930களில் காலமானவர் என்று அம்மாச்சி சொல்லுவா. பெயர் மட்டும்தான் தெரியும். பிறப்புப் பதிவு கேட்டுப் போனேன். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, உப்புவெளி

பிறப்பிலிருந்து தொடங்கியதுதான் பிசகு. இறப்பிலிருந்து தொடங்குங்கள். பிறப்பு, இறப்புப் பதிவைத் தொடக்கிவைத்த சட்டம் 1867இல்தான் வந்தது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஊர்ப்புறங்களில் பதியாமல் விட்ட பிள்ளைகள் ஏராளம். 1930களில் நடந்த இறப்பு பதிவாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். காலமும் உங்களுக்கு ஓரளவு தெரியும்.

பதிவு எண்ணும் திகதியும் தெரியாதபோது இடாப்பை, அதாவது பதிவேட்டைத் தேடித் தரும்படிதான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட தேடலுக்கு ஒரு கட்டணம் என்ற கணக்கில் இது நடக்கும். '1930களில்' என்று எழுதிக் கொடுத்தால் காசும் போகும், காலமும் போகும். முதலில் வீட்டிலேயே ஆண்டைக் குறுக்குங்கள். அம்மாச்சியிடம் 'எந்த ஆண்டு' என்று கேட்காதீர்கள். 'உங்களுடைய கலியாணத்துக்கு மாமா இருந்தாரா? மூத்த பிள்ளையைத் தூக்கினாரா? 1942 குண்டுவீச்சின்போது உயிரோடிருந்தாரா?' என்று கேளுங்கள். பிள்ளைகளின் பிறந்த திகதிகள் கையில் இருக்கும், குண்டு விழுந்த நாள் 1942 ஏப்ரல் 9 என்பது தெரிந்ததே. இரண்டு பதில்களுக்கு நடுவே ஆண்டு அகப்பட்டுவிடும்.

பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். அங்கே இடாப்பு சிதைந்திருந்தால் மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் இரட்டைப் பிரதி உண்டு. இரண்டாவது பிரதி பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போய், கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் சேரும். போரிலும் ஆழிப்பேரலையிலும் இடாப்புகளை இழந்த பகுதிகளுக்கு இதுவே கைகொடுக்கிறது. 'இல்லை' என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தப் பிரிவில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை தேடினார்கள் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே பக்கங்களுக்கே காசு கட்டுவீர்கள்.

இறப்புப் பதிவு கிடைத்ததும் எல்லோரும் பெயரையும் திகதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அறிவித்தவர் யார் என்ற நிரலைப் பாருங்கள். மகனா, மருமகனா, சகோதரி மகனா, எந்த ஊரில் இருந்தவர் என்று அங்கே இருக்கும். நீங்கள் கேள்விப்படாத ஒரு மருமகன் அங்கே கையெழுத்து வைத்திருந்தால், பூட்டனுக்கு நீங்கள் அறியாத ஒரு மகள் இருந்திருக்கிறாள். தாய் தந்தையர் பெயர், தொழில், அடக்கம் செய்த இடம் எல்லாம் அதே வரியில் வரும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 60, 65, 70 என்று முழு எண்ணாக இருந்தால் அது அறிவித்தவரின் மதிப்பீடு. முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு விட்டுத்தான் பிறப்பைத் தேட வேண்டும்.

அடுத்தது திருமணப் பதிவு. அதற்கடுத்து அவருடைய பிள்ளைகள் எல்லோரது பிறப்புப் பதிவுகளும். உங்கள் நேர்வழிப் பிள்ளையோடு நிறுத்திவிடாதீர்கள், ஆறு பிள்ளைகள் என்றால் ஆறையும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் தகப்பனின் தொழில் எழுதப்பட்டிருக்கும். முதல் பிள்ளைக்குக் கூலி, மூன்றாவதுக்குத் தச்சன், கடைசிக்குக் கங்காணி என்று வந்தால், டொக்யாட்டுக்குள் அவர் ஏறிய படிகள் ஆண்டோடு கைக்கு வந்துவிடுகின்றன. வேறெந்தப் பதிவிலும் இது இவ்வளவு எளிதாக அகப்படாது.

பூட்டனின் சொந்தப் பிறப்பைத் தேடுவது கடைசியில். இங்கே இரண்டு பொறிகள். பெயர் வைக்கும் முன்பே பதிந்த பிள்ளைகளுக்குப் பெயர் நிரல் வெறுமையாக இருக்கும். ஆகவே தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். இரண்டாவது, பெயரே வளரும். பிறக்கும்போது வேலன், கலியாணத்தில் வேலுப்பிள்ளை. கந்தன் என்று பதிந்தவர் காணி உறுதியில் (பத்திரத்தில்) கந்தர், சாகும்போது கந்தையா. ஆள் ஒருவரேதான். ஆங்கிலத்தில் எழுதிய இடங்களில் எழுத்துக்கூட்டல் இன்னும் சிதறும். வைத்தியலிங்கம் என்ற பெயரை 'வி'யில் தேடி அகப்படாவிட்டால் 'டபிள்யூ'விலும் 'பி'யிலும் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். வெள்ளைக்காரக் கந்தோர்களில் சிலவேளை அதைத் தலைகீழாக்கி, தகப்பன் பெயரை மகனுக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டு வரிசையிலும் தேட வேண்டும்.

குண்டுவீச்சுக்குப் பிறகு பட்டினத்தை விட்டு ஊர்ப்புறம் போன குடும்பமானால், 1942க்குப் பிந்திய இறப்பும் பிறப்பும் வேறு பிரிவில் பதிவாகியிருக்கலாம். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டனாரின் ஓலைச் சாதகத்தில் 'தாது௵ தை௴ ௰௨௳ செவ்வாய்க்கிழமை, உதயாதி நாழிகை ௫௰' என்று இருக்கிறது. தாது வருடம் 1876 என்று குறித்துக்கொண்டோம். ஆனால் பிறப்புப் பதிவில் 1877 சனவரி 24 என்று இருக்கிறது. ஆள் மாறிவிட்டதா?
– வாசகர், தம்பலகாமம்

ஆள் மாறவில்லை. இரண்டும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன.

௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௰ என்பது பத்து, ௰௨ பன்னிரண்டு, ௫௰ ஐம்பது. தாது வருடம் 1876 ஏப்ரலில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிந்தது. அதற்குள் வரும் தை, மாசி, பங்குனி மூன்றும் ஆங்கில ஆண்டில் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். (மார்கழியின் பிற்பாதியும் அப்படியே.) ஆகவே தை 12 என்பது 1877இல்தான் வரும்.

இனி நாள். இப்போது தைப்பொங்கல் சனவரி 14 அல்லது 15இல் வருகிறது என்று அதையே 1877க்கும் போட்டால் பிழைத்துவிடும். நம்முடைய சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம். ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் விலகும். 1877இல் தை முதல் நாள் சனவரி 12. அதன்படி தை 12 சனவரி 23. அன்றைய கிழமை செவ்வாய். ஓலையும் செவ்வாய் என்கிறது. கிழமை பொருந்தினால் கணக்கு சரி என்று கொள்ளலாம்.

அப்படியானால் 24 எப்படி வந்தது? நாழிகையைப் பாருங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். உதயத்திலிருந்து ஐம்பது நாழிகை என்றால் 20 மணித்தியாலம். சனவரியில் இங்கே சூரியன் உதிப்பது காலை 6 மணி 20 நிமிடம் அளவில். அதோடு 20 மணித்தியாலம் கூட்டினால் மறுநாள் அதிகாலை 2 மணி 20. சாதகம் எழுதியவருக்கு விடியும்வரை செவ்வாய்க்கிழமைதான். பதிவாளருக்கு நள்ளிரவோடு புதன் 24 பிறந்துவிட்டது. இவ்வளவு நுணுக்கமாக இரண்டு ஆவணங்களும் ஒத்துப்போவது அரிது. அந்த ஓலையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1816, 1876, 1936 மூன்றும் தாதுதான். பிறப்புப் பதிவு கைவசம் இல்லாதவர்கள் ஓலையிலுள்ள கிழமையையும் நட்சத்திரத்தையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்ட பிறகே ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும்.

ஓலை வாசிப்பதில் ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்தில் மெய்க்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல நிற்கும். காலும் ரகரமும் ஒரே வடிவம். அதனால் ஒரு பெயரை மூன்று விதமாக வாசிக்க இடமுண்டு. நீங்கள் வாசித்ததை எழுதும்போது பக்கத்தில் ஓலையின் படத்தையும் ஒட்டிவையுங்கள், பிறகு வருகிறவர் சரிபார்க்கட்டும். வளைந்த ஓலையை நிமிர்த்தப் போக வேண்டாம், முறிந்துவிடும். எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் விழவைத்துப் படம் எடுங்கள். கீறல் நிழலில் எழும்பித் தெரியும்.

எங்களிடம் 1890களைச் சேர்ந்த காணி உறுதி ஒன்று இருக்கிறது. காணி எப்போதோ விற்றாயிற்று. குடும்ப வரலாற்றுக்கு அது உதவுமா?
– வாசகர், திருகோணமலைப் பட்டினம்

நிச்சயமாக உதவும். எங்கள் எண்ணத்தில் இந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு உறுதியைவிட நல்ல ஆவணம் இல்லை. பிறப்புப் பதிவு ஒரு தலைமுறையைச் சொல்லும். உறுதி மூன்றைச் சொல்லும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு, காணி கைமாற நொத்தாரிசு (உறுதி எழுதச் சட்டப்படி உரிமை பெற்றவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும் என்றாயிற்று. உங்கள் உறுதியை இந்த ஒழுங்கில் வாசியுங்கள்.

முதலில் உரிமை வந்த வழி. 'எனக்குத் தாய்வழி முதுசமாக, இன்ன ஆண்டு இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி வந்ததும்…' என்ற பாணியில் ஒரு வாக்கியம் இருக்கும். அந்தச் சீதன உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசு பெயர் மூன்றையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் அடுத்த கதவு. சீதன உறுதியில் பெண்ணைப் பெற்றவர்கள் இருவரும் பெயரோடு நிற்பார்கள். மாப்பிள்ளையும் பெரும்பாலும் இருப்பார். மற்ற இடங்களில் 'இன்னாரின் மனைவி' என்று மட்டும் வரும் பூட்டிமார் இங்கே சொந்தப் பெயரோடும் சொந்தக் காணியோடும் வருகிறார்கள். பெண்வழி தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது சீதன உறுதியைத்தான்.

இரண்டாவது எல்லைகள். 'கிழக்கு: சகோதரி பிள்ளைகள் காணி, தெற்கு: ஒழுங்கை, மேற்கு: இன்னாருக்கும் பங்காளருக்கும் உரித்தான காணி' என்று இருக்கும். ஒரு தகப்பனின் வளவு பிள்ளைகளுக்குப் பிரிந்தால் அயலவர் எல்லோரும் சகோதரர்தான். நான்கு எல்லைக்காரரையும் ஒரு தாளில் வளவு வடிவில் வரைந்து பெயரைப் போடுங்கள். பத்து ஆண்டு கழித்து எழுதிய இன்னொரு உறுதியின் எல்லைகளை அதன்மேல் வையுங்கள். ஒரு பெயர் மறைந்து 'இன்னாரின் உரித்தாளர்' என்று மாறியிருந்தால், அந்தப் பத்து ஆண்டுக்குள் அவர் இறந்திருக்கிறார். இறப்புப் பதிவைத் தேடும் காலம் அதோடு குறுகிவிடும்.

மூன்றாவது சாட்சிகள். வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் தெரிந்தவர்களையே கூப்பிடுவார்கள். ஒரே சாட்சி குடும்பத்தின் இரண்டு மூன்று உறுதிகளில் வந்தால் அவர் மைத்துனரோ சம்பந்தியோ என்று விசாரியுங்கள். கையெழுத்தா, பெருவிரல் அடையாளமா, புள்ளடியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும்போது கையெழுத்து அவர்களைப் பிரித்துக் காட்டும்.

இனிக் காணிப் பதிவகம். உறுதியின் மேலோ பின்புறமோ 'ஏ 12/45' போல ஒரு குறிப்பு இருந்தால், ஏ பிரிவு, 12ஆம் தொகுதி, 45ஆம் ஃபோலியோ என்று அர்த்தம். அந்த ஃபோலியோவில் அதே காணியின் விற்பனை, ஈடு, நன்கொடை எல்லாம் திகதி வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பக்கம் நிறைந்தால் எந்தத் தொகுதிக்குக் கொண்டுபோனார்கள் என்றும் எழுதியிருக்கும். எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்றும் இருக்கும். பின்னோக்கிப் போகலாம். எண் இல்லாவிட்டால், அந்த உறுதி பதியப்படாமலே விட்டதாக இருக்கலாம். அப்போது நொத்தாரிசு பெயர், உறுதி இலக்கம், திகதி மூன்றையும் கொடுத்து இரட்டைப் பிரதியைக் கேளுங்கள். நொத்தாரிசுமார் தாம் எழுதும் உறுதிகளின் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே பதியாத உறுதியும் அங்கே அகப்படலாம்.

பரப்பளவு ஏக்கர், றூட், பேர்ச்சஸில் இருந்தால்: 40 பேர்ச்சஸ் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். முழத்திலும் கோலிலும் இருந்தால் மாற்றி எழுதாதீர்கள், உள்ளபடியே படியெடுங்கள்.

கணிசமான சொத்தோடு இறந்தவர் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு இருந்ததா என்றும் பாருங்கள். உரித்தாளர் பட்டியலும், சட்டிபானை, மாடு கன்று வரையான சொத்துப் பட்டியலும் அந்தக் கட்டில் இருக்கும்.

நாங்கள் முஸ்லிம் குடும்பம். என் உம்மாவின் வாப்பப்பா 1880களில் முடித்தவர். நிக்காஹ் பதிவு எங்கே தேடலாம்?
– வாசகர், கிண்ணியா

முஸ்லிம் திருமணங்களைப் பதிவதற்கான தனிச் சட்டம் 1886இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பதியாத நிக்காஹ் செல்லுபடியற்றது ஆகவில்லை. ஆகவே பதிவு இல்லையென்றால் திருமணம் நடக்கவில்லை என்று எழுதிவிட வேண்டாம். வீட்டுப் பெட்டியில் கடுத்தம் (திருமண ஒப்பந்தத் தாள்) இருக்கிறதா பாருங்கள். மஹர், கொடுத்த நகை, சாட்சிகள், இரு பக்கத்து வாப்பாமார் எல்லாம் அதில் இருப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் பள்ளிவாசல் பதிவேடு. பிறகு மேலே சொன்ன காணி உறுதிகள்.

பெயரில் கவனம் வேண்டும். லெப்பை, மரைக்கார் போன்றவை சிலருக்குப் பெயரின் பகுதி, சிலருக்குப் பட்டம். ஒரு பதிவில் இருந்து இன்னொன்றில் விடுபட்டால் அது வேறு ஆள் என்பதற்கு ஆதாரமாகாது.

கோட்டைப் பட்டாளத்தில் இருந்த மலாய் முன்னோரைக் கேட்டும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவர்கள் பெரும்பாலும் இலங்கை ரைபிள் படையணியைச் சேர்ந்தவர்கள். அது 1873இல் கலைக்கப்பட்டது. சம்பள, வரவுப் பட்டியல்கள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 12' வரிசையில் உள்ளன.

எங்கள் பூட்டியின் ஞானஸ்நானப் பதிவு இலத்தீனில் இருக்கிறது. பெயர் ஒன்றும் எங்களுக்குத் தெரிந்ததாக இல்லை.
– வாசகி, பாலையூற்று

சாமியார்மார் நம் பெயர்களை இலத்தீனுக்குத் திருப்பி எழுதினார்கள். நீங்கள் மறுபடி தமிழுக்குத் திருப்ப வேண்டும். யோசேபுஸ் என்றால் சூசை, பேத்ருஸ் இராயப்பு, பவுலுஸ் சின்னப்பு, யோவான்னெஸ் அருளப்பு, யாக்கோபுஸ் சந்தியாகு, செபாஸ்தியானுஸ் வஸ்தியான், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். சவேரியுஸ் நம்மிடம் சவிரிமுத்து ஆகிவிடுவார். வீட்டில் ஞானப்பிரகாசி என்று கூப்பிட்ட பூட்டி அலோய்சியா என்று பதிவில் இருக்கலாம்.

ஞானப் பெற்றோர் பெயரை விடாமல் எழுதுங்கள். மாமனும் மாமியுமே பெரும்பாலும் தலைதொட்டப்பனும் தலைதொட்டம்மாவும் ஆவார்கள். இரண்டு குடும்பங்கள் மாறிமாறி ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானப் பெற்றோராக நின்றிருந்தால் அவர்களுக்குள் உறவு இருக்கிறதா என்று தேடுங்கள். திருமணப் பதிவில் உறவு விலக்கு அளித்ததாகக் குறிப்பு இருந்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் நெருங்கிய சொந்தம். எத்தனையாம் படி உறவு என்றும் அங்கே போட்டிருக்கும். இரண்டு பக்கத்து வேரும் மேலே ஓரிடத்தில் சேருகிறது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. பங்கின் இடாப்பில் கிடைக்காத பழைய செய்தி யாழ்ப்பாண ஆயர் இல்லத்தில் இருக்கலாம். மெதடிஸ்த குடும்பங்களானால், வெஸ்லியன் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தவர்கள். அவர்களுடைய கடிதங்களும் அறிக்கைகளும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. பறங்கியர் குடும்பங்களுக்கு 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான வம்சாவளிகள் நல்ல தொடக்கம். ஆனால் அவற்றையும் மூலப் பதிவோடு ஒப்பிடாமல் படியெடுக்கக் கூடாது.

எங்கள் பூட்டனார் வெள்ளைக்காரக் கப்பல்காரர் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை. உறுதிப்படுத்த வழி உண்டா?
– வாசகர், இலண்டன் (பூர்வீகம் திருகோணமலை)

தகப்பன் நிரல் வெறுமையாக இருப்பது பெற்றோர் பதிவுத் திருமணம் செய்யவில்லை என்பதை மட்டுமே காட்டும். தகப்பன் யார் என்பதை அது சொல்லாது. தேவாலய ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள். சட்டப் பதிவில் மறைத்த பெயரைச் சாமியார் சில வேளை எழுதியிருப்பார்.

பெயர் ஒன்று கிடைத்தால் கியூ உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்படைச் சிப்பாய்களின் சேவைப் பதிவு 'ஏ.டி.எம். 188', ஓய்வூதியம் பெற்ற தரைப்படையினரின் ஆவணங்கள் 'டபிள்யூ.ஓ. 97'. சேவைப் பதிவில் எந்தக் கப்பலில் எந்தத் திகதி முதல் எந்தத் திகதிவரை இருந்தார் என்று வரிசையாக இருக்கும். பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் பின்னே போய், அந்தக் கப்பல் அப்போது திருகோணமலையில் நின்றதா என்று கப்பலின் நாட்பதிவில் பாருங்கள். நிற்கவில்லையென்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். மனத்துக்குக் கஷ்டமாக இருந்தாலும் விடத்தான் வேண்டும். மரபணுப் பரிசோதனை ஐரோப்பியக் கலப்பு உண்டா என்று சொல்லும். ஆளைச் சொல்ல, அந்த ஆளின் உறவினர் யாராவது அதே நிறுவனத்தில் பரிசோதித்திருக்க வேண்டும்.

கல்லறைகளுக்கு, பென்றி லூயிஸ் தொகுத்து 1913இல் வெளியான இலங்கைக் கல்லறை வாசகங்களின் பட்டியலை முதலில் பாருங்கள். இன்று எழுத்து அழிந்துபோன கற்களின் வாசகம்கூட அதில் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கு நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையும் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையப் பதிவும் உண்டு. கல்லில் எழுத்துத் தெரியவில்லையென்று கம்பித் தூரிகையால் உரசாதீர்கள், சோக்குக் கட்டியாலும் தேய்க்காதீர்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போனால் தானாகத் தெரியும்.

அடக்கம் செய்த இடத்தை இறந்த இடமாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் இறந்தார். கல்லறை இருப்பது திருகோணமலையில்.

எங்கள் மூதாதை 'முதலியார்' என்று பரம்பரையாகச் சொல்லுகிறோம். ஆதாரம் எங்கே கிடைக்கும்? இன்னொன்று: பழைய ஆவணம் ஒன்றில் எங்கள் முன்னோரைப் பற்றி, நாங்கள் வெளியில் சொல்ல விரும்பாத ஒரு குறிப்பும் இருக்கிறது. அதை என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், மூதூர்

அரசாங்க உத்தியோகம் என்றால் அச்சில் இருக்கும். அரசாங்க வர்த்தமானி 1802 மார்ச் முதல் வெளிவருகிறது. உத்தியோகத்தர் பெயர், சம்பளம், நியமித்த ஆண்டு எல்லாம் ஆண்டுதோறும் வந்த நீலப் புத்தகங்களில் உண்டு. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இவற்றோடு உதவி அரசாங்க அதிபர்மாரின் நாட்குறிப்புகளையும் பார்க்கலாம். அடையாள அட்டையோடும் பென்சிலோடும் போங்கள். ஆண்டையும் பற்று என்ற நிர்வாகப் பிரிவையும் (கொட்டியாரப்பற்றா, கட்டுக்குளம்பற்றா, தம்பலகாமப்பற்றா) முன்பே தீர்மானித்துக்கொண்டு போனால் ஒரு நாளில் உருப்படியாக வேலை நடக்கும். இலண்டனில் வர்த்தமானி 'சி.ஓ. 58', நீலப் புத்தகம் 'சி.ஓ. 59'.

முதலியார் என்பது சிலருக்குப் பதவி, சிலருக்குக் கௌரவப் பட்டம். விதானையாக இருந்தவரை இரண்டு தலைமுறை கழித்து உடையார் ஆக்குவதும், உடையாரை முதலியார் ஆக்குவதும் எல்லா ஊரிலும் நடந்திருக்கிறது. திருக்கோணேசர் கோயில் பற்றிய பழைய நூலான கோணேசர் கல்வெட்டில் வரும் கோயில் தொண்டர்களான தானத்தார், வரிப்பத்தார் வழியில் வந்தோம் என்று எழுதுபவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம். கோயில் தொண்டுரிமை இருந்தால் அதற்கான உறுதி, வழக்கு, உபயப் பட்டியல் எந்த ஆண்டுவரை பின்னே போகிறதோ அதுவரைதான் உங்கள் கொடி. அதற்கு மேலுள்ளதைக் குடும்ப மரபு என்று தனியே எழுதுங்கள்.

நீங்கள் மறைக்க நினைக்கும் குறிப்பு சாதி பற்றியதோ அடிமை நிலை பற்றியதோ என்று ஊகிக்கிறோம். இலங்கையில் அடிமைமுறை 1844இல்தான் சட்டப்படி முற்றாக நீங்கியது. அதற்கு முந்திய அடிமைப் பதிவேடுகள் கியூவில் 'டி 71' வரிசையில் இலங்கைக்கும் உண்டு. அடிமையாகப் பதியப்பட்டவர்களின் பெயர் அங்கே இருக்கிறது. வேறெந்தத் தாளிலும் பெயரே எழுதப்படாத மனிதர்களுக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம். அதை அழிக்காதீர்கள். பதிவில் உள்ளபடியே படியெடுத்து, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வெளியில் அச்சிடுவதானால் அந்த வழியில் இன்று இருக்கும் மூத்தவர்களிடம் முன்பே கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அச்சுப் பிரதியில் மட்டும் விடுங்கள், குடும்பக் கோப்பில் இருக்கட்டும்.

கிடைத்த தாள்களை எப்படி வைத்திருப்பது?
– பலர்

பிளாஸ்டிக் மேலுறை ஒட்டி இறுக்குவிக்காதீர்கள். சூட்டில் மை கலங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஒட்டுநாடா, கம்பி ஊசி, ரப்பர் வளையம் எதுவும் வேண்டாம். கரையோரத்து உப்புக் காற்றில் கம்பி ஊசி இரண்டு மழைக்குள் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மடிப்பில் கிழியும் உறுதியை விரித்த நிலையில், அமிலமில்லாத தாள் உறைக்குள், நிலத்திலிருந்து உயரமான அலுமாரித் தட்டில் வையுங்கள்.

600 டிபிஐயில் இருபுறமும் ஸ்கான் செய்யுங்கள். பின்புறத்தில்தான் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்கும். கோப்புக்கு 'உறுதி 1' என்று பெயரிடாமல் ஆண்டு, ஆவண வகை, ஆள், ஊர் என்ற வரிசையில் இடுங்கள். ஆண்டை முன்னால் போட்டால் கோப்புகள் தாமே காலவரிசையில் நிற்கும். ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். பழைய படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரை எழுதுங்கள். அம்மாச்சியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, இடமிருந்து வலமாக, இன்றைக்கே எழுதுங்கள்.